நஷ்டத்தில் பிறந்த சொல்

"பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று உறவினர் ஒருவர் விசாரிக்கிறார். "ஏதோ, ஆவரேஜ்தான்" என்கிறார் தகப்பனார். குரலில் ஒரு சலிப்பு. பக்கத்தில் நிற்கிற பையன் தலையைக் குனிந்து கொள்கிறான். சினிமா பார்த்துவிட்டு வருகிறவரைக் கேட்டால், "ஆவரேஜ் படம் ஸார்" என்கிறார். போகாதீர்கள் என்று அர்த்தம். கல்யாண வீட்டுச் சாப்பாடு, கச்சேரி, மந்திரியின் பிரசங்கம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தள்ளிவிட இந்த ஒரு சொல் போதும்.

கணக்கு வாத்தியார் இந்தச் சொல்லை நமக்குக் கற்றுக் கொடுத்தபோது அதில் இகழ்ச்சி ஏதும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை உருப்படியோ அத்தனையால் வகு, வந்தது ஆவரேஜ். தமிழில் சராசரி என்கிறோம். அதுவும் நம் சொந்தச் சொல் அல்ல, பாரசீகத்திலிருந்து வந்தது. அந்தப் பாஷையில் 'ஸர்' என்றால் தலை. 'ஸராஸர்' என்றால் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை, முழுவதும் என்று பொருள்.

ஆனால் ஆவரேஜ் என்ற சொல் பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. நடுக்கடலில், புயலில், மூழ்கப் போகிற கப்பலில் பிறந்தது. இந்தக் கதையைத் தெரிந்து கொண்டால் அந்தப் பையன் தலை குனிய வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான அகராதிக்காரர்கள் சொல்லும் வம்சாவளி இது: அரபு மொழியில் 'அவார்' என்றால் சரக்குக்கு நேர்ந்த சேதம். மத்தியதரைக் கடலில் அரபு வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய இத்தாலியர்கள் அதை 'அவாரியா' என்று தங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது 'அவாரி' ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிடித்து, 'டேமேஜ்' என்ற சொல்லுக்கு இருக்கிற வாலை இதற்கும் ஒட்டி, 'ஆவரேஜ்' ஆக்கினார்கள். இன்றைக்கும் இத்தாலியில் நடுரோட்டில் மோட்டார் நின்று போனால் அதற்கு 'அவாரியா' என்றுதான் பெயர். நம் ஊரில் எந்தச் சொல் சாதாரணத்தைக் குறிக்கிறதோ, அதன் தமக்கை அங்கே கோளாறைக் குறிக்கிறாள்!

கோளாறிலிருந்து கணக்கு எப்படி வந்தது? அதற்கு இன்னும் பழைய காலத்துக்குப் போக வேண்டும்.

பழைய நாளில் ஒரு கப்பலில் ஒரே முதலாளியின் சரக்கு மட்டும் போவதில்லை. ஒருவருடைய துணி, ஒருவருடைய மிளகு, இன்னொருவருடைய செம்பு என்று பலருடைய ஆஸ்தி ஒரே மரக்கூட்டுக்குள் அடைந்து கிடக்கும். புயல் அடிக்கிறது. பாரத்தைக் குறைத்தால்தான் கப்பல் பிழைக்கும். யாருடைய சரக்கை எறிவது? செம்பு கனம், அதுதான் கைக்கு எட்டுகிற இடத்திலும் இருக்கிறது. செம்புக்காரன் விடுவானா? மூட்டையைக் கட்டிக் கொண்டு அழுவான். "என்னுடையதை எறிந்து இவர்கள் பிழைப்பதா?" என்பான். அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் நியாயம் பேசி முடிப்பதற்குள் எல்லோரும் கடலுக்கு அடியில் இருப்பார்கள்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டவர்கள் ரோட்ஸ் தீவின் கடலோடிகள் என்று ரோமாபுரியின் நியாய சாஸ்திரிகள் நம்பினார்கள். சக்கரவர்த்தி ஜஸ்டினியன் கி.பி. 533-இல் வெளியிட்ட சட்டத் திரட்டில் அது ரோடியச் சட்டம் என்றே பெயர் பெற்றிருக்கிறது. அதன் சாரம் மிக எளிது. எல்லோருக்காகவும் ஒருவன் இழந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கப்பலின் மதிப்பு 50,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். துணி 20,000. மிளகு 20,000. செம்பு 10,000. ஆக மொத்தம் ஒரு லட்சம். செம்பு முழுவதையும் கடலில் எறிந்தாயிற்று. லட்சத்துக்குப் பத்தாயிரம் நஷ்டம், நூற்றுக்குப் பத்து. ஆகவே கப்பல்காரர் 5,000, துணிக்காரர் 2,000, மிளகுக்காரர் 2,000 எடுத்து வைக்க வேண்டும். செம்புக்காரர் கையில் 9,000 வந்து சேரும். மீதி 1,000 அவர் பங்கு நஷ்டம். கரை சேர்ந்ததும் ஒவ்வொருவரிடமும் தம் முதலில் நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கும். எவரும் ஓட்டாண்டி ஆகவில்லை. எவரும் பிறத்தியார் கண்ணீரில் லாபம் அடையவும் இல்லை. இப்படி விழுந்த பங்குக்குத்தான் ஆவரேஜ் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் தர்மம் மட்டும் அல்ல, கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. யாருடைய மூட்டை போனாலும் நஷ்டம் ஒன்றுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எவனும் தன் மூட்டையைக் கட்டிக் கொண்டு நிற்க மாட்டான். மாலுமி கண்ணை மூடிக் கொண்டு கனமானதை எறியலாம். நியாயம் முன்னாலேயே தீர்ந்து போனதால் உயிர் பிழைக்க நேரம் கிடைக்கிறது.

ரோமாபுரிச் சாஸ்திரிகள் நுணுக்கமானவர்கள். பிரயாணியின் முத்தும் ரத்தினமும் இந்தக் கணக்கில் சேருமா? கனமே இல்லையே? சேரும், கப்பல் பிழைத்ததால் அவையும் பிழைத்தன அல்லவா! விரலில் போட்ட மோதிரமும், உடுத்திய உடுப்பும் சேரும். வழியில் சாப்பிடக் கொண்டு வந்த உணவு சேராது. உணவு தீர்ந்து போனால் அவரவர் கையில் இருப்பதைப் பொதுவில் வைக்க வேண்டியவர்கள்தானே எல்லோரும்! போன சரக்குக்கு வாங்கின விலை, பிழைத்த சரக்குக்கு விற்கப் போகிற விலை என்று மதிப்பு வைத்தார்கள். நஷ்டப்பட்டவன் நஷ்டத்தைக் காட்டி லாபம் கேட்கக் கூடாது என்பது அதன் தாத்பரியம். கடைசியாக, சுதந்திர மனிதனின் உயிருக்கு விலை போட முடியாது. ஆகையால் அது கணக்கில் சேராது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனம் குளிர்கிறது. ஆனால் 'சுதந்திர' என்ற அந்த அடைமொழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடிமைகளைச் சரக்காக ஏற்றிய கப்பலில் அது என்ன ஆயிற்று?

1781-இல் லிவர்பூல் வியாபாரிகளுக்குச் சொந்தமான 'ஸாங்' என்ற கப்பல், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட அடிமைகளை அடைத்துக் கொண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. திசைக் கணக்கில் தவறி, ஜமைக்காவைத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29 முதல் சில தினங்களில் 130-க்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் மாலுமிகள் கடலில் தள்ளினார்கள். பிறகு கப்பல் சொந்தக்காரர்கள் இன்ஷூரன்ஸ் ஏற்றவர்களிடம் தலைக்கு 30 பவுன் கேட்டார்கள். சரக்கில் ஒரு பகுதியை எறிந்து மற்றதைக் காப்பாற்றினோம் என்ற பழைய நியாயம்தான் அவர்கள் வாதம். 1783-இல் லண்டனில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். மறு விசாரணை வேண்டும் என்று பிரதம நீதிபதி மான்ஸ்பீல்டு முன் வாதம் நடந்தபோது, இடையில் மழை பெய்து தண்ணீர் கிடைத்த பிறகும் மனிதர்களை எறிந்தார்கள் என்ற உண்மை வெளி வந்தது. மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று. அது நடந்ததாகத் தடயம் இல்லை. கொலைக் குற்றம் ஒருவர் மீதும் சாட்டப்படவில்லை. ஆனால், தாமே அடிமையாக இருந்து மீண்ட ஓலௌதா ஈக்வியானோ இந்தச் செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்பவரிடம் கொண்டு போனார். ஷார்ப் ஊர் அறியச் செய்தார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக இங்கிலாந்தில் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த வழக்கு ஒரு தீப்பொறி ஆயிற்று.

ஆக, பங்கு போடுகிற கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் போதாது. பங்காளி யார், பண்டம் யார் என்று முதலில் தீர்மானிப்பது யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஏறக்குறைய அதே பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஆவரேஜ் என்ற சொல் கப்பலை விட்டுக் கரையில் இறங்கியது. ஏற்றத் தாழ்வான பல தொகைகளைப் பரப்பிச் சமப்படுத்தினால் கிடைக்கிற எண்ணுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்துவிட்டது. நஷ்டம் என்ற அர்த்தம் உதிர்ந்து போய், பங்கிடுதல் என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது.

மிஞ்சிய அந்த அர்த்தத்தின் அழகைக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவார்கள். 1948 ஆகஸ்டு 14-ஆம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்டு ஆட்டத்துக்கு வந்தார். நான்கு ரன் எடுத்திருந்தால் அவருடைய ஆவரேஜ் சரியாக 100 ஆகியிருக்கும். ஹாலிஸ் போட்ட பந்தில் பூஜ்யத்துக்கு அவுட் ஆனார். மொத்தம் 6,996 ரன், 70 தடவை அவுட், ஆவரேஜ் 99.94. நான்கு ரன்னுக்காக உலகம் இன்னும் வருத்தப்படுகிறது. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தப் பூஜ்யத்துக்கு முன் அவர் ஆவரேஜ் 101.39. இருபது வருஷத்து ஆட்டங்கள் எல்லாம் கூடி அந்த ஒரு நாள் தோல்வியைப் பங்கு போட்டுக் கொண்டன; ஒன்றரை ரன்கூடக் குறையவில்லை. செம்புக்காரனைக் காப்பாற்றிய அதே தர்மம்!

பின்னே இகழ்ச்சி எங்கிருந்து வந்தது? பெல்ஜியம் தேசத்து வான சாஸ்திரி அடால்ஃப் கெத்தலே 1835-இல் ஒரு புத்தகம் எழுதினார். நட்சத்திரத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுப்பது போல மனிதர்களையும் அளந்து 'சராசரி மனிதன்' என்று ஒருவனைச் சிருஷ்டித்தார். அவருக்குச் சராசரி மனிதன் மட்டமானவன் அல்ல. அவனே லட்சிய புருஷன். நாம் எல்லோரும் அவனிடமிருந்து விலகிய பிழைகள்! அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் இதைத் தலைகீழாகப் புரட்டினார். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886-இல் அவர் வெளியிட்ட பிரசித்தமான கட்டுரையின் தலைப்பிலேயே, நடுவில் இருப்பதற்கு மட்டம் என்ற பொருள் தொனிக்கும் ஒரு சொல்லைப் போட்டார். மேதைகளை வழிபட்டவர் அவர். சராசரி என்பது சமூகத்தின் நடு முதுகு அல்ல, ஏற வேண்டிய படிக்கட்டு என்று ஆகிவிட்டது. இன்று தகப்பனார் குரலில் கேட்கிற சலிப்புக்கு அந்தக் காலத்து மனப்பான்மையும் ஒரு காரணம்.

அப்படி ஒரு சராசரி மனிதன் உண்மையில் இருக்கிறானா? 1950-இல் அமெரிக்க விமானப் படை 4,000-க்கு மேற்பட்ட விமானிகளை அளந்தது. சராசரி உடம்புக்கு ஏற்றபடி விமானியின் ஆசனத்தை அமைக்கலாம் என்று எண்ணம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக் கொண்டார். 4,063 பேரில் எத்தனை பேர் பத்திலும் சராசரியை ஒட்டி இருக்கிறார்கள் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! சராசரிக்காகச் செய்த ஆசனம் எவருக்கும் பொருந்தாத ஆசனம். பிறகுதான் ஆளுக்கு ஏற்றபடி நகர்த்திக் கொள்ளும் ஆசனங்களை வற்புறுத்தினார்கள். ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் மட்டும் என்று நம்பி இறங்கியவனின் கதிதான், ஒரு மனிதனைச் சராசரியால் எடை போடுகிறவனுக்கும்.

இதற்கிடையில் அந்தப் பழைய அர்த்தம் செத்துப் போயிற்றா என்றால், இல்லை. 2021 மார்ச் 23-ஆம் தேதி 'எவர் கிவன்' என்ற ராட்சதக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக் கொண்டு ஆறு நாள் உலக வியாபாரத்தையே நிறுத்தியது ஞாபகம் இருக்கும். கப்பல் மிதந்த சில தினங்களில் சொந்தக்காரர்கள் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று அறிவித்தார்கள். மீட்ட செலவில், பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் சரக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் தம் பங்கைத் தர வேண்டும். ஜாமீன் கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும் என்று பொருள். இந்தியாவின் 1963-ஆம் வருஷத்துக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்திலும் இந்தச் சொல் அதே பழைய பொருளில் இருக்கிறது. ரோட்ஸ் தீவின் நியாயம் இரும்புக் கப்பலிலும் ஏறிக் கொண்டுவிட்டது.

ஆகையால் அடுத்த தடவை யாராவது ஆவரேஜ் என்று சொன்னால் இரண்டு விஷயங்களை நினைத்துக் கொள்ளலாம். ஒரு மனிதனின் தரத்தைச் சொல்ல அந்தச் சொல் பிறக்கவில்லை. அதற்கு அது உதவவும் உதவாது. பத்துப் பேர் ஒரே கப்பலில் போகும்போது ஒருவன் இழந்ததை மற்ற ஒன்பது பேரும் தாங்கிக் கொள்ளத்தான் அது பிறந்தது. பரீட்சையில் ஒரு பாடத்தில் கவிழ்ந்த பையனை மற்றப் பாடங்கள் தோள் கொடுத்துக் கரை சேர்த்திருந்தால், அவன் வாங்கியது நல்ல பழைய ஆவரேஜ்தான். அவன் தலை நிமிர்ந்தே நிற்கலாம்.