பால்ரஸ் உருளும் பலகை

இந்த வாரம் ஒரு விளையாட்டுச் சாமானோட வரலாறு. உங்க தாத்தா வீட்டுப் பரண்லகூட ஒண்ணு கிடக்கலாம். மேல்பக்கம் வளைஞ்ச ஒரு மரப்பலகை. நடுவுல நிறைய ஆணி. வலது ஓரத்துல ஸ்பிரிங் வச்ச ஒரு கம்பி. கம்பியை இழுத்து விட்டா, குண்டு மேல ஏறி, ஆணியில முட்டி முட்டிக் கீழ இறங்கும். எந்தக் குழியில நிக்குதோ, அந்த நம்பர்தான் உங்க பாயிண்ட். கடையில இதுக்குப் பேரு பேகடெல். எங்க வீட்டுல ஆணிப் பலகை.

ஹாலிவுட் படங்கள்ல லைட்டு மின்ன, மணி அடிக்க ஒரு பின்பால் மெஷின் வருமே, அதுக்குத் தாத்தா இந்தப் பலகைதான். பேகடெல்ங்கிறது பாரிஸ் பக்கத்துல இருக்கிற ஒரு மாளிகையோட பேரு. 1777ல அங்க நடந்த ஒரு விருந்துலதான் இந்த ஆட்டம் பிரபலமாச்சுன்னு ஒரு கதை உண்டு. அப்போ பெரிய மேஜை மேல, நீளக் குச்சியால குண்டைத் தள்ளி ஆடினாங்க. 1871ல அமெரிக்காவோட சின்சினாட்டி நகரத்துல மான்டேக் ரெட்கிரேவ்னு ஒருத்தர், குச்சிக்குப் பதிலா ஸ்பிரிங் கம்பி வச்சு காப்புரிமை வாங்கினார். நம்ம ஆணிப் பலகை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு.

நான் தஞ்சாவூர்ல பின்பால் மெஷினைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கிடைச்சது திருவையாறு பக்கம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில இருந்த பலகை. மே மாச லீவு. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாத்தான் குறுவை வேலை ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வாய்க்கால் காஞ்சு கிடக்கும், மத்தியானம் வெளியில கால் வைக்க முடியாது. பலகையோட வந்த கோலிக்குண்டு தொலைஞ்சதும், சைக்கிள் கடையில பால்ரஸ் வாங்கிட்டு வந்தோம். கோலியைவிட கனம். ஆணியில பட்டா டிங் டிங்னு சத்தம். பலகைக்கு அடியில ஒரு நோட்டு வச்சா நிதானமா உருளும், ரெண்டு நோட்டு வச்சா பறக்கும். 500 குழியைச் சுத்தி ஆணி வேலி, மேல மட்டும் சின்ன வாசல். அக்கா அந்தக் கம்பியில பென்சிலால கோடு போட்டு வச்சிருந்துச்சு. எந்தக் கோடு வரைக்கும் இழுத்தா குண்டு எங்க போகும்னு அதுக்குக் கணக்குத் தெரியும். நாங்க யாராவது பலகையை இடிச்சா, "அழுகுணி ஆட்டம்! இது செல்லாது!"ன்னு கத்தும்.

அமெரிக்காவுல இதே சண்டைக்கு ஒரு கருவியே வந்துச்சு. 1930கள்ல ஹாரி வில்லியம்ஸ்ங்கிற வடிவமைப்பாளர் கொண்டுவந்த 'டில்ட்'. மெஷினுக்குள்ள ஒரு உலோக வளையம், அதுக்கு நடுவுல தொங்குற ஒரு குண்டு. மெஷினை ரொம்ப ஆட்டினா குண்டு வளையத்துல படும், மின்சாரம் பாயும், ஆட்டம் முடிஞ்சுது. எங்க அக்கா செஞ்ச வேலையை அங்க ஒரு ஊசல் செஞ்சுது.

ஆனா பெரிய சண்டை வேற. இது திறமையா, அதிர்ஷ்டமா? நம்ம ஊருக் கணக்குல சொன்னா, இது ஆடுபுலி ஆட்டமா, தாயக்கட்டையா? நியூயார்க் மேயர் லா கார்டியா இது சூதாட்டம்தான்னு முடிவு பண்ணினார். 1942ல பின்பாலுக்குத் தடை. போலீஸ் சம்மட்டியால மெஷின்களை உடைச்சாங்க. அப்போ பின்பால்ல குண்டைத் தட்டிவிடுற ஃபிளிப்பர் கிடையாது. காட்லீப் கம்பெனியோட 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷின்ல அது வந்தது 1947லதான். தடை மட்டும் 1976 வரைக்கும் நீடிச்சுது. அந்த வருஷம் ரோஜர் ஷார்ப்ங்கிற பத்திரிகையாளர் நகர மன்றக் குழு முன்னாடி ஆடிக் காட்டினார். அந்த மெஷின்ல ஏதோ வேலை பண்ணியிருக்காங்கன்னு சந்தேகப்பட்ட ஒரு உறுப்பினர், பக்கத்து மெஷின்ல ஆடச் சொன்னார். ஷார்ப், "குண்டு நடு வழியில போகும்"னு சொல்லிட்டுக் கம்பியை இழுத்தார். சொன்ன மாதிரியே போச்சு. தடையும் போச்சு. அது அதிர்ஷ்டம்தான்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார்!

எனக்கு அந்த உறுப்பினரோட சந்தேகம்தான் முக்கியமாப் படுது. ஒரு கோயில் திருவிழாவுல காசு வச்சு ஆடுற ஆணிப் பலகை பார்த்தோம். 500ல விழுந்தா 10 மடங்கு. எங்களுக்கு முன்னாடி நின்ன ஒருத்தர் அன்னிக்கு வாங்கின கூலியை அங்கேயே விட்டுட்டுப் போனார். அக்கா குனிஞ்சு பார்த்துட்டு, "வா போலாம்"னுச்சு. வாசல்ல இருந்த ரெண்டு ஆணியும் உள்பக்கமா சாஞ்சிருந்துச்சு. பால்ரஸ் நுழைய இடமே இல்லை. எவ்வளவு திறமை இருந்து என்ன பண்றது?

நம்ம சட்டமும் ரொம்ப நாளா அந்த முதல் கேள்வியைத்தான் கேட்டுட்டு இருக்கு. 1996ல உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல, குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுன்னு சொல்லிச்சு. ஆன்லைன் ரம்மியில பணத்தை இழந்து உயிரை விட்டவங்க செய்தி தொடர்ந்து வந்ததும், 2022ல நீதிபதி சந்துரு தலைமையில தமிழ்நாடு அரசு குழு போட்டு, அப்புறம் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதுக்குத் தடை கிடையாதுன்னு சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் வேற பக்கம் போச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டே கூடாது.

இதுல எது சரின்னு நீங்க யோசிங்க. எங்க அக்கா மாதிரி குனிஞ்சு பார்க்கணும்ங்கிறதுதான் என் கட்சி. திண்ணையில இருந்த பலகையில ஒவ்வொரு ஆணியும் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சாஞ்சிருந்தா நிமித்தலாம், சண்டை போடலாம். போன்ல இருக்கிற ஆட்டத்துல ஆணி எங்க இருக்கு, யாரு அடிச்சதுன்னே தெரியாது. அடுத்த தடவை ஒரு ஆப், "இது முழுக்க உங்க திறமை"ன்னு சொன்னா, முதல்ல வாசலைத் தேடுங்க.

அந்தப் பலகை இப்பவும் பெரியப்பா வீட்டுல இருக்கு. பென்சில் கோடுதான் அழிஞ்சு போச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.