ஒரு குற்றச்சாட்டும் இரு வாசகர் உலகங்களும்

இலங்கையில் பத்திரிகைத் தொழில் மொழிவாரியாகப் பிரிந்தே வளர்ந்தது. 1882இல் சித்திலெப்பை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ முஸ்லிம்களின் கருத்துகளைத் தமிழில் அச்சேற்றியது. சிங்களத்தில் ‘தினமின’ 1909இலும், தமிழில் ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் வெளிவரத் தொடங்கின. தினமினவும் தினகரனும் லேக் ஹவுஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் வெளியீடுகளாயினும், ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படிப்பது அரிதாகவே இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் இப்பிரிவு நிலப்பரப்பிலேயே தெரிகிறது. அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை முதலிய கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் தமிழில் வாசிக்க, உட்பகுதியில் அமைந்த அம்பாறை நகரத்தார் பெரும்பாலும் சிங்களத்தில் வாசிக்கின்றனர்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அந்நகரில் நடந்த சம்பவம் இப்பிரிவின் விலையைக் காட்டியது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் தென்பட்ட கட்டி, சிங்களவரை மலடாக்கக் கலக்கப்பட்ட மாத்திரை என்று குற்றஞ்சாட்டிய கூட்டம், தமிழ் பேசும் காசாளரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேள்வி கேட்டது. அவர் தடுமாறி உரைத்த சில சொற்கள் காணொளியாகி, சிங்கள முகநூல் பக்கங்களில் குற்ற ஒப்புதலாகப் பரவின. அதே இரவு உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதால், கரையோர வாசகருக்கு அச்செய்தி பள்ளிவாசல் மீதான தாக்குதலாகவே இருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின்னர் ‘நியூயோர்க் டைம்ஸ்’ அம்பாறைக்கு நேரில் சென்று விசாரித்து, கேள்வி காசாளருக்குச் சரியாகப் புரியவில்லை என்பதையும், மாவுக்கட்டியைப் பற்றியே கேட்கிறார்கள் என்று அவர் எண்ணியதையும் எழுதியது. இவ்வாறு ஒரே நிகழ்வு ஓரிடத்தில் ஒப்புதலாகவும், இன்னோரிடத்தில் வன்முறையாகவும், மூன்றாமிடத்தில் மொழி புரியாமையால் விளைந்த விபரீதமாகவும் பதிவானது.

பொருள்களை ஆய்வுகூடத்தில் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கையிடும் அரச பகுப்பாய்வாளர், அக்கட்டியில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து இல்லை, அது மாச்சத்தே என்று மார்ச் மாதம் உறுதிசெய்தார். ஆயினும் அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனயில் முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் மூண்டு, மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்தன.

பொய்யென நிறுவப்பட்ட பின்னரும் அக்குற்றச்சாட்டு அடங்கவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களுக்கு அடுத்த மாதம், 2019 மே 23ஆம் திகதி, ‘திவயின’ என்னும் சிங்கள நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் வெளியிட்டது. அதையடுத்து குருநாகலில் மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதத்தில் நீதவானிடம் அறிக்கையிட்ட பின்னரும், அவருக்குப் பிணை ஜூலை மாதத்திலேயே கிடைத்தது. முன்னர் முகநூலில் உலவிய வதந்தி இம்முறை அச்சிட்ட நாளிதழின் மதிப்பைப் பெற்றிருந்தமையே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடாகும்.

குற்றச்சாட்டைச் சுமந்த மொழியிலேயே அதன் மறுப்பும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும். ஆய்வுகூடத்தின் முடிவு தமிழ் வாசகரை மட்டும் எட்டுமாயின், அதை அறிய வேண்டியவர் அறியாமலே போவர். அக்கடமையைச் செய்யாத பத்திரிகை, அது எம்மொழியினதாயினும், குற்றச் செய்தி எழுதும் தகுதியை இழக்கிறது.