காம்ப்மியூசிக்: இசைத் தரவு ஆய்வுக் குழு உருவான வரலாறு

காம்ப்மியூசிக் என்பது ஐந்து இசை மரபுகளைக் கணினிவழி ஆராய்ந்த பன்னாட்டுக் கூட்டுத் திட்டம். கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கியின் மகாம், மக்ரெப் நாடுகளின் அரபு-அந்தலூசிய இசை, சீனாவின் பீக்கிங் ஓப்பரா ஆகியவையே அந்த ஐந்து. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2011 ஜூலை முதல் 2017 ஜூன் வரை நடந்தது. தலைமை ஆய்வாளர் பார்சலோனாவில் உள்ள பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் சேவியர் செர்ரா. திட்டக் காலம் முடிந்த பிறகும் அதன் தரவுத் தொகுப்புகள் வளர்ந்துகொண்டே வருகின்றன.

இந்த ஐந்தில் இரண்டு மரபுகளின் உறவினர்களைச் சிங்கப்பூரின் சைனாடவுனில் சில நிமிட நடையில் கேட்க முடிந்த காலம் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலை நாராயண பிள்ளை 1827-இல் நிறுவினார். அங்கே பூசை வேளைகளில் நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. அருகிலுள்ள ஸ்மித் ஸ்திரீட்டில் 1887-இல் எழுந்த லாய் சுன் யுவென் அரங்கில் கண்டனீஸ் ஓப்பரா நடந்தது. அந்தத் தெருவையே சீன மக்கள் ‘நாடகக் கொட்டகைத் தெரு’ என்று அழைத்தார்கள். கண்டனீஸ் ஓப்பராவும் பீக்கிங் ஓப்பராவும் ஒன்றல்ல. மொழியே வேறு. ஆனால் இரண்டிலும் நடிகரின் ஒவ்வோர் அசைவையும் தாள வாத்தியக் குழுவே நடத்திச் செல்கிறது. இப்படி அண்டை வீட்டாராக இருந்த இரண்டு இசை உலகங்களின் உறவு மரபுகளையும் ஒரே ஆய்வுக் குழு ஒன்றாக அமர்ந்து கேட்டதுதான் காம்ப்மியூசிக்கின் தனிச்சிறப்பு.

பின்னணி

இசைத் தகவல் மீட்பு என்ற துறைக்கான பன்னாட்டு மாநாடு 2000-இல் அமெரிக்காவின் பிளிமத் நகரில் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் உருவான கருவிகள் பெரும்பாலும் மேற்கத்தியப் பாடல்களைக் கேட்டே பழகியவை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாக வெட்டி, கேட்ட சுருதியை அருகிலுள்ள பாகத்தில் போட்டுவிடும். தோடி இராகத்தின் காந்தாரம் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை இத்தகைய கருவி தாவிக் குதிக்கும் துண்டுச் சுரங்களாகவே பதிவு செய்தது. பட்டியல் முறையிலும் இதே இடர்தான். பாடகர், பாட்டு, ஆல்பம் என்ற மூன்று கட்டங்களுக்குள் சாகித்தியகர்த்தா, இராகம், தாளம், பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரையும் எங்கே வைப்பது?

இந்தக் குறையை செர்ரா 2011-இல் மியாமியில் நடந்த அதே மாநாட்டில் அளித்த கட்டுரையில் எழுதினார். எல்லா இசைக்கும் பொதுவான ஒரே கருவி போதாது என்பதும், ஒவ்வொரு மரபையும் அதன் இலக்கணத்துக்குள் நின்று ஆராய வேண்டும் என்பதும் அவர் வாதம். அதற்கு அந்த மரபில் வளர்ந்தவர்கள் குழுவுக்குள் இருந்தாக வேண்டும்.

குழுவில் சேர்ந்தவர்கள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர் ஹேமா ஏ. மூர்த்தியின் ஆய்வகமும், மும்பையில் பிரீத்தி ராவின் ஆய்வகமும் திட்டத்தில் இணைந்தன. பார்சலோனாவுக்கு ஆய்வு மாணவர்களாகப் போன கோபாலகிருஷ்ண கொடூரி சுர நுட்பத்தையும், சங்கல்ப் குலாட்டி இராகச் சொற்றொடர்களையும், அஜய் ஸ்ரீநிவாசமூர்த்தி தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பீக்கிங் ஓப்பராவை ரஃபேல் காரோ ரெபெட்டோ ஆராய்ந்தார்.

ஆனால் குழுவின் போக்கை மாற்றியவர்கள் மேடைக் கலைஞர்கள் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. 2012-இல் இஸ்தான்புல்லில் நடந்த இரண்டாவது காம்ப்மியூசிக் பட்டறையில் கர்நாடக இசைப் பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் சுரம், கமகம், இராகத்தின் அடையாளச் சொற்றொடர்கள் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். ஆரோகண அவரோகணத்தில் வரும் சுரங்களின் பட்டியல் இராகம் ஆகிவிடாது, சில சொற்றொடர்களே இராகத்தை முதல் நொடியில் காட்டிக்கொடுக்கின்றன என்பது கச்சேரி கேட்கும் எவருக்கும் தெரியும். பொறியாளர்களுக்கு அது அளக்கக்கூடிய கேள்வியாக மாறியது அப்போதுதான். அடுத்த ஆண்டே சென்னைக் குழு ஆலாபனைகளில் அத்தகைய சொற்றொடர்களைத் தேடும் முறையை வெளியிட்டது. 2013 டிசம்பரில், சங்கீத சீசன் நடுவே, பட்டறை சென்னைக்கே வந்தது.

குழு சந்தித்த முதல் தடை சுருதி. ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுவார், பெண் பாடகி ஐந்து கட்டையில் பாடுவார். ஆதார ஷட்ஜம் எதுவென்று தெரியாமல் ஒரு சுரத்துக்குக்கூடப் பெயர் வைக்க முடியாது. ஷட்ஜம் பொதுவாக 100 ஹெர்ட்சுக்கும் 260 ஹெர்ட்சுக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆய்வாளர்கள் பாடகரை விட்டுவிட்டு, பின்னால் இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவைக் கேட்கும்படி கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2012-இல் வெளியான அந்த முறை 93 விழுக்காடு சரியாகச் சொன்னது. நம் கலைஞர்கள் கச்சேரி தொடங்குமுன் செய்வதும் இதுவே.

மிருதங்கத் தரவு இன்னொரு வகையில் உருவானது. மிருதங்கக் கலைஞர் அக்ஷய் அனந்தபத்மநாபன் பீம், சா, தீம், தின், நம், த, தா, தாம், தி, தொம் ஆகிய 10 சொற்களையும் 6 வெவ்வேறு சுருதிகளில் தனித்தனியாக வாசித்துக் கொடுத்தார். ‘தொம்’ மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் மட்டும் விழுவது, ‘தாம்’ இரு கைகளும் சேர்ந்து எழுப்புவது. இந்த வேறுபாடு ஒலி அலையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, எந்தக் கை எங்கே பட்டது என்று சொல்லக்கூடியவரே வாசிக்க வேண்டியிருந்தது.

தாளக் குறிப்பிலும் அப்படித்தான். ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய நான்கு தாளங்களில் 176 பகுதிகளுக்கு, தாளச் சுற்று தொடங்கும் சமமும் அட்சரங்களும் கையால் குறிக்கப்பட்டன. பாட்டு எழும் இடம் சமத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுப்பு அமையலாம். பயிற்சி இல்லாதவர் எடுப்பையே சமம் என்று குறித்துவிடுவார், தாளத் தரவு முழுவதும் நகர்ந்துபோகும்.

சொற்கட்டும் சீனத் தாளமும்

மிருதங்கமும் தபலாவும் வாயால் சொல்லிக் கற்கப்படுபவை. பீக்கிங் ஓப்பராவின் தாளக் குழுவிலும் சொற்கள் உண்டு. பாங்கு என்ற சிறு முரசு, பெரிய சேகண்டி, சிறிய சேகண்டி, ஜால்ரா ஆகியவை சேர்ந்து எழுப்பும் ஒலிக்கு ‘லுவோகுசிங்’ என்ற சொற்கட்டு முறை இருக்கிறது. மாணவர்கள் அதையே முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். தா, தை, ச்சி, ச்சியே, ட்சாங் என்று அந்தச் சொற்களை ஐந்து தொகுதிகளாக ஆய்வுக் குழு பிரித்தது. எந்தக் கருவி ஒலித்தது என்று தேடுவதை விட, எந்தச் சொல் சொல்லப்பட்டது என்று கேட்டால் கணினிக்கு எளிது என்ற எண்ணத்தில், பேச்சை எழுத்தாக்கும் முறையையே தாளத்துக்கு ஏற்றினார்கள். ஸ்ரீநிவாசமூர்த்தியும் காரோ ரெபெட்டோவும் தம் குழுவினரோடு 2014-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் ஐந்து வகைத் தாள அமைப்புகளின் 133 பதிவுகள் இருந்தன. மிருதங்கச் சொற்கட்டு அறிந்த ஒருவரும் சீன ஓப்பரா அறிந்த ஒருவரும் ஒரே குழுவில் இல்லாதிருந்தால் இந்த யோசனை இவ்வளவு இயல்பாகப் பிறந்திருக்காது. கண்டனீஸ் ஓப்பராவிலும் சேகண்டி-முரசுச் சொற்கள் உண்டு என்பதால், சைனாடவுனின் கிரேத்தா ஆயர் மக்கள் அரங்கில் ஓப்பரா பார்க்கும் தமிழர் கூர்ந்து கேட்டால் தவில் வகுப்பின் நெருங்கிய உறவு அங்கே இருப்பதை உணரலாம்.

தொகுப்புகள்

திட்டத்தின் பதிவுகளைத் தேடிக் கேட்க ‘துனியா’ என்ற தளம் அமைந்தது. இராகம் கண்டறியும் ஆய்வுக்காக 40 கர்நாடக இராகங்களில் இராகத்துக்கு 12 வீதம் 480 பதிவுகள் தொகுக்கப்பட்டன. 2016-இல் குலாட்டியும் குழுவினரும் அளித்த முறை அவற்றில் ஏறக்குறைய 87 விழுக்காட்டைச் சரியாக இனங்கண்டது.

வணிக இசைத்தட்டுகளை உரிமைச் சட்டம் காரணமாக எவருக்கும் அனுப்ப முடியாது, அவற்றிலிருந்து எடுத்த அளவீடுகளை மட்டுமே பகிரலாம். இந்தத் தடையைத் தாண்டவே ‘சராகா’ என்ற திறந்த தொகுப்பு வந்தது. அதில் 249 கர்நாடகப் பதிவுகளும் 108 இந்துஸ்தானிப் பதிவுகளும் உள்ளன. கர்நாடகப் பதிவுகளில் 168-க்குக் குரல், வயலின், மிருதங்கம் எனத் தனித்தனித் தடங்கள் கிடைக்கின்றன. நேரடிக் கச்சேரியில் எடுத்தவை என்பதால் ஒரு மைக்கில் அடுத்தவர் ஒலியும் கசியும். அந்தக் கசிவை நீக்குவதே பின்னர் தனி ஆய்வுப் பொருளானது. 2022 டிசம்பரில் இத்துறையின் பன்னாட்டு மாநாடு பெங்களூரில் கூடியது. 2024-இல் காணொளியும் சேர்ந்த சராகா தொகுப்பு வெளிவந்தது. ஆய்வாளர்களில் கொடூரியும் குலாட்டியும் தொடங்கிய நிறுவனத்தின் ‘ரியாஸ்’ செயலி, பாட்டுப் பயிற்சி செய்பவரின் சுருதியை உடனுக்குடன் காட்டுகிறது.

சிங்கப்பூர்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வாங் யே நடத்தும் ஒலி, இசைக் கணிமை ஆய்வகம் 2013-இல் 12 பேரை ஆளுக்கு நான்கு ஆங்கிலப் பாடல்கள் பாடவும், அதே வரிகளைப் பேச்சாக வாசிக்கவும் வைத்து 169 நிமிடத் தரவைத் தொகுத்தது. மரபு வேறு என்றாலும் வேலைமுறை ஒன்றே: பாடுபவர் இல்லாமல் தரவு இல்லை. மறுபுறம், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-இல் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து முன்னெடுத்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இலக்கியத்தில் தொடங்கி நாடகம், இசை, நடனம் என விரிந்தது. அது ஆவணக் காப்பகம். அதில் உள்ள பதிவுகளுக்கு இராகம், தாளம், சமம் எனக் குறிப்பு எழுதப்பட்டால் ஆய்வுத் தரவாகவும் பயன்படும், அதைச் செய்யக்கூடிய இசை ஆசிரியர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். சராகாவின் கர்நாடகப் பகுதி குரலிசைக் கச்சேரியை மையமாகக் கொண்டது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அதே கவனத்துடன் குறிப்பு எழுதுவதானால், கோயில் வாத்தியக்காரர்கள் முதல் நாளிலிருந்தே குழுவின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.