கிணற்றுத் தண்ணீரில் ஓடிய கார்



போன வாரம் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரியாபட்டியைத் தாண்டி எங்கள் கார் நின்றுவிட்டது. விசாரித்துப் பலர் போன் செய்தீர்கள். நானும் வீட்டம்மாவும் நலம். கார் நின்றதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லும் முன் ஒரு சின்ன வரலாற்றுப் பாடம். பழைய வழக்கம், விட முடியவில்லை.

1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களை அழைத்துக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தன் தாயைப் பார்க்க ஃபோர்ட்ஸைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் போனார். வழியில் கிணறு, ஓடை என்று தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி மொண்டு ஊற்றினார். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணம் நடந்தது இப்படித்தான். பெயரிலேயே கிணறு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

பிறகு வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியாளர் தேன்கூடு ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். 1901-இல் பந்தயங்களில் பேர் வாங்கிய 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காரில் 8,070 சிறு சதுரக் குழாய்கள். குழாய்க்குள் காற்று, வெளியே தண்ணீர். சூடு சீக்கிரம் இறங்கியதால் கொஞ்சத் தண்ணீரே போதுமானது. ஆவியாக விட்டுக்கொண்டே இருந்த தண்ணீர், அதன் பின் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிச் சுற்றி வந்தது.

நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை ஓடிவந்த அம்பாசிடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்த நாட்களில், கல்யாணத்துக்கு வரும் அம்பாசிடரின் டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் கட்டாயம் இருக்கும். பானெட்டைத் திறந்து ஆறவைத்து, ஊருணியில் மொண்டு ஊற்றுவார்கள். ரேடியேட்டர் பித்தளை, செம்பு. ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைப்பார்கள். அவசரத்துக்கு மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டுகிற டிரைவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது சரி. என் கையும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டதுதான் தவறு.

இப்போதைய காரில் குளிரூட்டும் அமைப்பு மூடி போட்ட குக்கர் மாதிரி. அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டியது சுமார் 120 டிகிரி வரை தாங்கும். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட். பனி நாடுகளில் உறையாமல் இருக்கச் சேர்த்தார்கள். நமக்கு உறையும் பயம் இல்லை. ஆனால் துருப் பிடிக்காமலும், அலுமினியம் அரிக்காமலும் காப்பது அதுதான்.

மூடிய அமைப்பில் கூலண்ட் சும்மா குறையாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். என் காரில் பத்து நாளைக்கு ஒருமுறை டப்பாவில் அளவு இறங்கியது. தரையில் சொட்டு இல்லையே என்று நான் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தேன். வெந்நீர்ப் பானையில் நம் ஊர்த் தண்ணீர் எப்படி வெள்ளையாகப் படியும் என்று தெரிந்தும் ஊற்றினேன்.

அன்று ஊசி சிவப்பைத் தொட்டதும் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். உடனே ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். "ஏங்க, குக்கரை இப்படித்தான் திறப்பீங்களா?" என்று வீட்டம்மா கையைத் தட்டிவிட்டாள். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டிருக்கும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மெக்கானிக் தம்பி வந்து வண்டியைக் கொண்டுபோனான். ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினான். முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துக் காட்டினான். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி, காய்ந்த கூலண்டின் வெள்ளைக் கறை. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் ஒழுகும். சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரைக்கு வருவதில்லை. எஞ்சின் ஆயில் பால் காப்பி மாதிரி இருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்றும் பார்த்தான். இரண்டும் இல்லை. ஹெட் கேஸ்கெட் தப்பித்தது.

புது பம்பு போட்டு, உள்ளே அலசி, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தான். "சார், குறையுதுன்னா ஊத்தாதீங்க, எங்க போகுதுன்னு தேடுங்க" என்றான். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை விட அவன் சொன்னது பெரிய பாடம்.

உங்களில் பலர் வேனும் லோடு வண்டியும் ஓட்டுகிறீர்கள். மாதம் ஒருமுறை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது டப்பாவின் அளவைப் பாருங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் நக்கும்படி சிந்தவிடாதீர்கள்.

வீட்டம்மாவின் கண் பரிசோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. இந்த முறை பஸ்ஸில் போகலாம் என்கிறாள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், மல்லாங்கிணறு.