கிரீந்திரசேகர் போஸின் மறுப்பு: பண்பாட்டுச் செய்தியா, கோட்பாட்டு வாதமா?

கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் மன ஒடுக்கம் பற்றிய தம் ஆய்வேட்டை 1921இல் வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே பார்சிபகான் சந்தில் இருந்த தம் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஃபிராய்டுடனான கடிதத் தொடர்பு 1937 வரை நீண்டது. இந்த வரலாறு பெரும்பாலும் ஒரே விதமாகச் சொல்லப்படுகிறது: ஐரோப்பாவில் பிறந்த ஒரு கோட்பாடு இந்தியாவுக்கு வந்தது, இந்திய மனத்துக்கு அது முழுதும் பொருந்தவில்லை, அந்தப் பொருத்தமின்மையைப் போஸ் பதிவு செய்தார். இந்த வாசிப்பு போஸைப் பாராட்டுவதுபோல் தோன்றினாலும் அவர் சொன்னதன் பெறுமதியைக் குறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. போஸ் மறுத்தது ஃபிராய்டின் கோட்பாட்டை; வியன்னாவில் வாழும் மனிதனுக்கும் அது பிழை என்று கருதித்தான் மறுத்தார். அந்த மறுப்பை ‘இந்திய மனம்’ பற்றிய தகவலாக மாற்றியதில்தான் உளப்பகுப்பாய்வு தன் உலகப் பொதுமையைச் சேதமின்றிக் காப்பாற்றிக்கொண்டது.

போஸின் கோட்பாட்டுக்கு அடித்தளம் எதிர்விருப்பம். எந்த விருப்பமும் தனித்து எழுவதில்லை. அதன் நேரெதிர் விருப்பமும் கூடவே எழுகிறது. அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பம் உறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நனவுக்கு வர முடியாது என்பதால் ஒன்று வெளிப்படும்போது மற்றது அமுங்கிப்போகிறது. ஒடுக்கத்துக்குக் காரணம் கேட்டால் ஃபிராய்டின் பதிலில் தந்தை வருகிறார், அச்சுறுத்தல் வருகிறது, அதியகம் எனப்படும் சூப்பர் ஈகோ வருகிறது. போஸின் பதிலில் இவற்றுக்கு முதலிடம் இல்லை. விருப்பத்தின் இரட்டைத் தன்மையே ஒடுக்கத்துக்குப் போதுமான காரணம். இதிலிருந்து ஈடிபஸ் சிக்கல் பற்றிய வேறொரு விளக்கம் கிடைக்கிறது. தாயை விரும்பும் சிறுவன் தாயோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்கிறான். அதனால் பெண்ணாகும் விருப்பமும் அவனுக்குள் பிறக்கிறது. காயடிப்பு அச்சம் என்று ஃபிராய்டு எதை அழைத்தாரோ அது, போஸின் கணக்கில், இந்தப் பெண்ணாகும் விருப்பம் மாறுவேடத்தில் வெளிப்படுவதுதான். சிக்கல் தீரும் வழியும் தலைகீழாகிறது. மகன் தந்தையின் அதிகாரத்துக்கு அடங்குவதால் அது தீர்வதில்லை. மனத்துக்குள் தந்தையை வெல்லும் துணிவு வந்தால்தான் தீரும். 1949இல் ‘சமீக்ஷா’ இதழில் வெளியான கட்டுரையில் இந்த இடத்தில் தாம் ஃபிராய்டோடு உடன்படவில்லை என்பதைப் போஸ் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

இதற்கு வரக்கூடிய வலுவான எதிர்வாதம் போஸின் எழுத்திலிருந்தே வருகிறது. 1929இல் அவர் ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் இந்திய நோயாளிகளிடம் காயடிப்பு அச்சம் ஐரோப்பியர்களிடம் காணப்படும் அளவு தீவிரமாக இல்லை என்றும், பெண்ணாகும் விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் குறிப்பிட்டார். அப்படியானால் வேறுபாட்டை நாட்டின்மேல் ஏற்றியவர் போஸ்தானே? கடிதத்தைக் கவனித்துப் படித்தால் அவ்வாறு கொள்ள முடியாது. இந்திய நோயாளியிடம் அந்த விருப்பம் எளிதில் வெளிப்படுகிறது என்று சொல்வதற்கும், ஐரோப்பியரிடம் அது இல்லவே இல்லை என்று சொல்வதற்கும் இடையே தூரம் அதிகம். ஐரோப்பியரிடம் ஆழப் புதைந்திருப்பது இங்கே மேலாகக் கிடக்கிறது என்பதே அவர் வாதம். அதாவது, இந்திய நோயாளியை அவர் விதிவிலக்காகக் காட்டவில்லை, பொதுவிதியைத் தெளிவாகக் காட்டும் சான்றாகவே முன்வைத்தார். ஃபிராய்டின் பதிலில் பதிந்ததோ இரு நாட்டு நோயாளிகளுக்கு இடையிலான வேறுபாடு. பின்னொரு கடிதத்தில் அவர் இன்னும் பெருந்தன்மையோடு, இருபாலியல்பு, இருமுக உணர்ச்சி, செயல்படல்-செயலுக்கு உட்படல் ஆகியவற்றிலிருந்து எழும் எதிர்விருப்பத்தின் ஆற்றலைத் தாம் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒப்புதல் கடிதத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

போஸ் சொன்னது இந்தியாவுக்கு மட்டும் உரியதா என்பதைச் சோதிக்க ஐரோப்பியச் சான்றுகளே போதும். 1911இல் ஃபிராய்டு விரிவாக எழுதிய ஷ்ரேபர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். டானியல் பவுல் ஷ்ரேபர் டிரெஸ்டன் நகர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1903இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில், தாம் பெண்ணாக மாறிக்கொண்டிருப்பதாக நம்பியதைப் பக்கம் பக்கமாக எழுதியவர். அது ஜெர்மானிய இயல்பு என்று எவரும் எழுதவில்லை. 1928இல் மெலனி கிளைன் ஆண் குழந்தைகள் கடந்துவரும் ஒரு ‘பெண்மைக் கட்டம்’ பற்றி எழுதினார். 1930இல் ஃபெலிக்ஸ் போயம் ஆண்களின் பெண்மைச் சிக்கலைத் தலைப்பாகவே கொண்டு கட்டுரை வெளியிட்டார். போஸ் கடிதம் எழுதிய அதே ஆண்டுகளில் இலண்டனிலும் பெர்லினிலும் இதே பொருள் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. இதற்கெல்லாம் மேலாக, 1937இல் பகுப்பாய்வுக்கு முடிவுண்டா என்று ஆராய்ந்த கட்டுரையின் இறுதியில், ஆண் நோயாளிகளிடம் தாம் இதற்குமேல் தோண்ட முடியாமல் நின்ற பாறை எது என்று ஃபிராய்டே சொல்கிறார்: பெண்மையை மறுக்கும் பிடிவாதம். கல்கத்தாக்காரர் விருப்பம் என்று விளக்கிய ஒன்றை வியன்னாக்காரர் உடலியலின் எல்லை என்று விட்டுவிட்டார். இருவரும் நின்ற இடம் ஒன்றுதான்.

பிறகு ஏன் ஒருவர் கூற்று கோட்பாடாகவும் இன்னொருவர் கூற்று நாட்டுச் செய்தியாகவும் ஆயின? ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவர் உளப்பகுப்பாய்வாளர் காரன் ஹார்னை. 1920களில் பெர்லினிலிருந்து அவர் பெண்கள் பற்றிய ஃபிராய்டின் கருத்தை எதிர்த்தார். ஆண்களின் பார்வையே அறிவியலாக வேடமிட்டிருக்கிறது என்றார். அவருக்குப் பதில் கிடைத்தது, எதிர்ப்புக் கிடைத்தது, பாடநூலில் இடமும் கிடைத்தது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி வேறு வழியில் வந்தார். டிராபிரியண்ட் தீவுகளில் தாய்வழிக் குடும்பம் இருப்பதால் அங்கே ஈடிபஸ் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது என்றார். ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் அதைக் கோட்பாட்டுக்குள்ளேயே செரித்துவிட்டார். போஸ் எடுத்தது ஹார்னையின் நிலைப்பாடு, கிடைத்ததோ மலினோவ்ஸ்கியின் இருக்கை. ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை இதற்குச் சரியான சான்று. அந்நிய நாடுகளில் உளப்பகுப்பாய்வு பெற்ற வெற்றிகளை அச்சிலை நினைவூட்டும் என்று ஃபிராய்டு நன்றி எழுதினார். சிலை அவர் மேசையில் இடம்பெற்றது. இன்றும் போஸ் பற்றிப் பேசுகிறவர்கள் வாதத்தைவிடச் சிலையைத்தான் நன்கு நினைவில் வைத்திருக்கிறார்கள். காலனியச் சூழலும் இதற்குத் துணைபோயிற்று. போஸின் கழகத்தோடு தொடர்புடைய ஆங்கிலேயர்களான ஓவன் பெர்க்லி-ஹில், கிளாட் டேலி ஆகிய இருவரும் இந்துச் சமயத்தையும் இந்தியப் புரட்சியாளர்களையும் நோய்க்கூறுகளாக்கி எழுதினார்கள். இந்தியா ஆராயப்படும் பொருளாக மட்டுமே இருந்த சூழலில், அங்கிருந்து கோட்பாடு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

போஸைப் பற்றிப் பின்னாளில் எழுதிய உளப்பகுப்பாய்வாளர் சுதீர் காக்கர், சமூகச் சிந்தனையாளர் அசிஷ் நந்தி போன்றோர் வேறு நோக்கத்தோடு, அவர் வாதத்தை இந்தியாவுக்கே உரியதாக்கும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். தாய்மையும் பெண்மையும் ஓங்கிய இந்துப் பண்பாட்டின் குரலைக் காக்கர் போஸிடம் கேட்கிறார். நந்திக்கு அவர் காலனிய அறிவுக்குள் எழுந்த உள்நாட்டு மாற்றுக்குரல். இருவருக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. போஸ் புராணங்களை ஆராய்ந்தவர், கீதைக்கு உரை எழுதியவர். ஆனால் ஒருவர் கீதை படித்தார் என்பதால் அவருடைய ஒடுக்கக் கோட்பாடு கீதைக்குள் அடங்கிவிடாது. ஃபிராய்டின் யூதப் பின்னணியைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அதற்காகக் காயடிப்புக் கோட்பாடு யூதர்களுக்கு மட்டும் உரியது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

போஸை உயர்த்திப் பேசும் ஆர்வத்தில் அவர் கோட்பாட்டின் பலவீனத்தை மறைப்பதும் நேர்மையாகாது. உளப்பகுப்பாய்வு எந்த நடத்தையையும் விளக்கிவிடும் என்பதாலேயே அது அறிவியல் ஆகாது என்றார் கார்ல் பாப்பர். எதிர்விருப்பத்துக்கு இக்குற்றச்சாட்டு இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஒரு விருப்பம் தெரிந்தால் அதன் எதிரும் இருக்கிறது என்கிறீர்கள். தெரியாவிட்டால் அமுங்கியிருக்கிறது என்கிறீர்கள். இதைப் பொய்யாக்க எந்த நோயாளியாலும் முடியாது. தாம் சந்தித்த நகர்ப்புற வங்காளிகளை வைத்து மனித இனம் முழுமைக்கும் போஸ் முடிவு சொன்னதும் விரைவான தாவல்தான். ஆயினும் இந்தக் குறைகள் கோட்பாட்டின் குறைகள். வியன்னாவின் மேல்தட்டு நோயாளிகளை வைத்து ஃபிராய்டு செய்த தாவலுக்கு இணையானவை. அவற்றை எடைபோடும் தராசும் ஒன்றாகவே இருக்க வேண்டும். போஸ் பிழை என்று கண்டால் ஃபிராய்டைப் பிழை என்று சொல்வதுபோலவே சொல்லலாம். ‘இந்தியருக்குப் பொருந்தலாம்’ என்று ஒதுக்குவது மறுப்பும் ஆகாது, ஏற்பும் ஆகாது. உளப்பகுப்பாய்வு வரலாற்று நூல்கள் அவருக்கு இந்தியா பற்றிய இயலில் இடம் தருகின்றன. அவரைப் படிக்க வேண்டிய இயல் காயடிப்பு அச்சம் பற்றியது.