கற்றுக்கொடுப்பவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

தில்லியிலிருந்து சண்டிகர் போகிற ரயிலில் கர்னால் தாண்டியதும் நீலோக்கேரி என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். நம் சங்கத்து அன்பர்கள் பலர் அதைக் கடந்து போயிருப்பீர்கள். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வரும். அவர் தஞ்சாவூர் ஜில்லாவில் கிராம சேவக்காக வேலை பார்த்தவர்.

பிரிவினையில் வீடுவாசல் இழந்து வந்தவர்களுக்காக எஸ்.கே. டே என்ற பொறியாளர் உருவாக்கிய ஊர் நீலோக்கேரி. உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் 1948-இல் ஆல்பர்ட் மேயர் தொடங்கிய முயற்சியும், நீலோக்கேரி அனுபவமும் சேர்ந்துதான் சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டின. 1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் அத்திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு தேசிய விரிவாக்கப் பணி வந்தது. விவசாயம், கால்நடை, சுகாதாரம், முதியோர் கல்வி எல்லாவற்றையும் கிராமத்துக்கு எடுத்துச் சொல்ல ஒரே ஆள்: கிராம சேவக். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்த பயிற்சியோ ஆறே மாதம். அது போதாதென்று தெரிந்து பிறகு இரண்டு வருஷமாக நீட்டினார்கள். பயிற்சி தருபவர்களுக்கே பயிற்சி தர 1959-இல் நீலோக்கேரியில் விரிவாக்கக் கல்வி நிலையம் ஏற்பட்டது.

வேலையில் சேர்ந்த பிறகு என்ன கற்றார்கள் என்பதுதான் கேள்வி. 1960-61-இல் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. சில வருஷங்களில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 நெல் வந்தது. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரவியதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர். அப்பா சொல்வார்: "ஒரு பெரியவர் என்னை வரப்பிலேயே நிறுத்தி, ‘தம்பி, ரேடியோவுல சொல்றாங்களே, அந்த நெல்லுக்கு உரம் எவ்வளவு போடணும்?’னு கேட்டார். எனக்குத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்னுட்டு, சைக்கிளை மிதிச்சு ஆடுதுறைக்கே போய்க் கேட்டுட்டு வந்தேன்." சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கு முன்பே விவசாயிக்குச் செய்தி போய்விட்டது. அந்த வெட்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘பயிற்சி மற்றும் பார்வையிடல்’ முறை. உலக வங்கி உதவியுடன் டேனியல் பெனோர் வகுத்த இம்முறை 1974-இல் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பாசனப் பகுதிகளில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஊழியரின் பகுதியை எட்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறித்த கிழமையில் அவர் போக வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் அவரே மாணவராக உட்கார வேண்டும். அடுத்த பதினைந்து நாளில் வயலில் என்ன வேலையோ, அதுதான் அன்றைய பாடம். கடைநிலை ஊழியருக்கும் காலண்டரில் ஒரு படிப்பு நாள்! அதே 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில் நாட்டின் முதல் கிரிஷி விஞ்ஞான் கேந்திரமும் தொடங்கியது. விவசாயிகளோடு விரிவாக்க ஊழியர்களுக்கும் பயிற்சி தருவது இக்கேந்திரங்களின் வேலை.

ஆனால் 1990-களில் உலக வங்கிப் பணம் நின்றதும் பதினைந்து நாள் வகுப்பும் நின்றது. பயிற்சி திட்டத்தோடு வந்தது, திட்டத்தோடு போயிற்று. மேலே கட்டடங்கள் எழும்பாமல் இல்லை. 1987-இல் ஹைதராபாத்தில் ‘மேனேஜ்’ நிறுவனம் ஏற்பட்டது. 2003-இல் அது உரக்கடை, மருந்துக்கடைக்காரர்களுக்கென ‘தேசி’ என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பைக் கொண்டுவந்தது. 2007-இல் அரசு விரிவாக்க அலுவலர்களுக்கு அஞ்சல்வழி முதுநிலைப் பட்டயப் படிப்பு வந்தது. நல்ல ஏற்பாடுகளே. ஆனாலும் அன்று நடந்தது போல மாதம் இரண்டு நாள் தவறாமல் கற்கும் பழக்கம் திரும்பவில்லை என்பது என் ஆதங்கம்.

இன்று ரேடியோவின் இடத்தில் செல்போன். விவசாயி வரப்பில் நின்றபடியே பூச்சியைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார். பதில்கள் வந்து குவிகின்றன. எது சரி என்று சொல்ல, தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அவர் தப்பாகச் சொன்னால் போவது ஒரு போக வெள்ளாமை. எனவே புதுத் திட்டம் எதுவானாலும், ‘இதைச் சொல்லப் போகிறவர் எப்போது, யாரிடம் படிப்பார்?’ என்று முதலில் கேட்போம். அப்பா மாதிரி சைக்கிள் மிதித்துப் போகும் ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பி ஒரு நாட்டின் விவசாயத்தை நடத்த முடியாது அல்லவா?