பட்டமும் பாஸ்போர்ட்டும்: கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அயல்நாட்டு ஆங்கில வகுப்பறை

1976-ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. எண்ணெய்ப் பணத்தை நம்பி அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய நைஜீரியா, ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்தியர்களையும் வேலைக்கு எடுத்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலை, சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இக்கட்டுரையின் வாதம் புலப்படும். அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை ஆங்கிலத் திறமை மட்டும் தீர்மானித்ததில்லை. எந்தக் காலத்தில் எந்தத் தாளைக் கேட்டார்கள், அந்தத் தாள் யாரிடம் இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

முதல் வாசல் எத்தியோப்பியா. பேரரசர் ஹெய்லி செலாசியின் காலத்தில் இடைநிலைக் கல்வி அங்கே ஆங்கிலத்தில் நடந்தது. போதுமான உள்ளூர் ஆசிரியர் இல்லை. இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து, ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பி.ஏ.வும் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் இருந்தால் போதும். தாய்மொழி எதுவென்று யாரும் துருவவில்லை. 1974-இல் பேரரசர் வீழ்ந்தார்; அந்த வாசலும் சுருங்கியது. அடுத்து வந்த நைஜீரிய அலையும், எண்ணெய் விலைச் சரிவிலும் 1986-இல் தொடங்கிய நைரா மதிப்பிறக்கத்திலும் வற்றியது.

எத்தியோப்பிய வாசல் திறந்திருந்த காலத்தில் தமிழகத்தில் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு நடந்த ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ அது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்குப் பயிற்சி தர, அவர்கள் மேலும் பலருக்குத் தருவது அதன் முறை. 1962-இல் டி.ஏ. ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 27,000 ஆசிரியர்கள் என்ற கணக்கு வருகிறது. யாரையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக நடந்ததல்ல. ஆனால் ஆங்கிலம் தெரிவது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிவது வேறு என்ற எண்ணம் இங்கே வேர் பிடித்ததில் இதற்குப் பங்குண்டு என்பேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் பள்ளி நடத்துவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூரில் மிஷன் பள்ளி நடத்தியவர்கள் டேனிஷ்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் தாய்மொழியல்ல.

மாவட்டத்தின் சமவெளிப் பகுதியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெருகியது பிற்பாடுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி, வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. ஆங்கிலம் படிக்க வழி செய்தது. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. பட்டத்தோடு இவர்கள் வெளியே வந்தபோது திறந்திருந்த வாசல்கள் மாலத்தீவு, ஓமன், சவூதி, லிபியா ஆகியவற்றோடு, பல்கலைக்கழகங்களைப் புதிதாகப் பெருக்கிய எத்தியோப்பியாவும். லிபியக் கதை 2011 உள்நாட்டுப் போரோடு மாறியது. 2015 ஜூலையில் சிர்த் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்தியர் நால்வர் கடத்தப்பட்டனர்.

இக்காலத்து ஆசிரியரின் பட்டச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால் வரலாறு பின்பக்கத்தில் இருக்கும். மாநில உயர்கல்வித் துறையின் முத்திரை, அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுவில்லை, பக்கத்தில் தூதரகத்தின் முத்திரை. ஒரு நாட்டின் ஆவணச் சான்றை மற்ற உறுப்பு நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்க வழி செய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. சவூதி 2022-இல்தான் சேர்ந்தது என்பதால், அதுவரை அங்கே போனவர்கள் தூதரகப் படியையும் ஏறவேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒரு கேள்வி: ரெகுலரா, கரெஸா? வளைகுடாவில் பல இடங்களில் தபால்வழிப் பட்டம் எடுபடுவதில்லை. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகள் 2014–15-க்குப் பின் அங்கீகாரம் பெறாதவை என்று யு.ஜி.சி. 2022-இல் எச்சரித்தது, ஏற்கெனவே படித்து முடித்தவர்களையும் கலங்க வைத்தது.

கிழக்கு ஆசியா கேட்ட தாள் பாஸ்போர்ட். தென்கொரியாவின் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டவருக்கு உரியது. 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தம் இந்தியருக்கும் ஓர் இடுக்கு விட்டது. அந்த இடுக்கின் அகலத்தைக் கவனியுங்கள். ஏழு நாட்டவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போகலாம்; இந்தியருக்கோ ஆங்கிலப் பட்டத்தோடு ஆசிரியர் சான்றிதழும் வேண்டும். மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே, தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பதை ஆதாரமற்ற நம்பிக்கை என்று வாதிட்டார். விசா விதிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கல்வராயன் மலையின் வெள்ளிமலை பக்கம் இந்தப் பேச்சு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே முதலில் கைக்கு வரவேண்டிய தாள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘குடியகல்வு அனுமதி தேவை’ என்னும் இ.சி.ஆர். குறி விழும், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். தேறிவிட்டால் அது இல்லை. ஆனால் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் கேரளம், கர்நாடகம் என்று போகின்றன. பிள்ளைகள் கூடவே போனால் அந்த மாதங்களுக்குப் பள்ளி இல்லை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் விடுதியில் விட்டுப் போனால்தான் பத்தாம் வகுப்பு வரை படிப்பு தொடர்கிறது.